ஸ்ப்ரிங்ஃபீல்டில் லிங்கன் வக்கீலைப் பார்த்துவிட்டு வந்த கதை

முதலிலேயே விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன், நேரமில்லாதவர்கள் இந்தப் பாராவோடு எழுந்து போகலாம். இல்லினாய் மாநிலத் தலைநகர் ஸ்ப்ரிங்ஃபீல்டுக்கு, அமெரிக்க ஜனாதிபதியாக இருந்த ஆபிரகாம் லிங்கனுக்காகப் போகிறீர்கள் என்றால், டிக்கெட் வாங்கிப் பார்க்கிற பெரிய மியூசியத்துக்கு இரண்டு மணி நேரம் போதும். மீதி நாளை, காசு வாங்காமல் காட்டுகிற அவர் வீட்டுக்கும் பழைய சட்டமன்றத்துக்கு எதிரில் இருக்கிற அந்தச் சின்ன வக்கீல் ஆபீசுக்கும் கொடுங்கள். நான் முதல் தடவை போனபோது தலைகீழாகச் செய்தேன். மியூசியத்திலேயே பொழுது போய்விட்டது, ஆபீஸ் பூட்டிவிட்டார்கள், வெளியே நின்று ஒரு போட்டோ எடுத்துக்கொண்டு திரும்பினேன்.

இந்தத் தடவை கூட வந்தவர் என் மாமனார். நாற்பது வருஷம் வக்கீல் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர். எங்களோடு மூன்று மாதம் இருக்க வந்திருக்கிறார். நயாகரா கூட்டிப் போனேன், "தண்ணி நிறைய விழுது மாப்ளே" என்றார், அவ்வளவுதான். சிகாகோவின் உயரமான கட்டிடங்களைப் பார்த்து அதுகூடச் சொல்லவில்லை. சரி, லிங்கன் வக்கீலாக இருந்த ஊர் மூணு மணி நேரத்தில் இருக்கு, போகலாமா என்று கேட்டதும் மனிதர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "அவர் வக்கீலா? ப்ராக்டிஸ் பண்ணினவரா, இல்ல பேருக்கா?" பேருக்கு இல்லை மாமா, கிட்டத்தட்ட இருபத்திநாலு வருஷம், ஐயாயிரத்துக்கும் மேல் கேஸ் என்றேன். மறுநாள் காலை ஆறு மணிக்கே ஷூ போட்டுக்கொண்டு வாசலில் நின்றார்.

சிகாகோவிலிருந்து ஐ-55 பிடித்தால் 200 மைல், வளைவே இல்லாத சாலை, இரண்டு பக்கமும் சோளமும் சோயாவும். கார் இல்லாதவர்களுக்கு ஆம்ட்ராக் ரயில் இருக்கிறது, அதற்கும் லிங்கன் பெயர்தான். அந்த ஊரில் லிங்கன் பெயர் வைக்காத பொருளைத் தேடுவதுதான் கஷ்டம்.

மியூசியத்தை முதலில் முடித்துவிடலாம். 2005ல் திறந்தது. நாங்கள் போனபோது பெரியவர்களுக்கு 15 டாலர். உள்ளே நுழைந்ததும் ஒரு பெரிய கூடம், ஒரு பக்கம் மரக்கட்டைக் குடிசை, எதிர்ப்பக்கம் வெள்ளை மாளிகையின் முகப்பு, நடுவில் லிங்கன் குடும்பமே பொம்மையாக நின்று உங்களோடு போட்டோவுக்குக் காத்திருக்கிறது. வெள்ளை மாளிகைத் தூணருகே ஒரு ஆள் சும்மா சாய்ந்துகொண்டு நிற்கிறான். அவன் ஜான் வில்க்ஸ் பூத், லிங்கனைச் சுட்டவன். பக்கத்தில் போய்ப் பெயரைப் பார்க்கும்வரை எனக்குத் தெரியவில்லை, பார்த்ததும் ஒரு மாதிரி ஆகிவிட்டது. குடிசை வழியாகப் போனால் சிறுவயது முதல் 1861 வரை, மாளிகை வழியாகப் போனால் ஜனாதிபதி காலம்.

இதில் எனக்கு நிஜமாகவே பிடித்தவை இரண்டு. ஒன்று, உள்நாட்டுப் போரை நாலு நிமிஷத்தில் காட்டும் வரைபடம். ஒரு வாரம் ஒரு நொடியாக ஓடுகிறது, வடக்கு, தெற்கு என்ற இரண்டு தரப்பின் எல்லைக்கோடும் புழு மாதிரி நெளிந்து நகர்கிறது, மூலையில் செத்தவர்கள் காயம்பட்டவர்களின் எண்ணிக்கை பெட்ரோல் பங்க் மீட்டர் மாதிரி ஏறிக்கொண்டே போகிறது. நான் பார்த்த இரண்டு தடவையும் அந்த அறையில் யாரும் பேசவில்லை. இன்னொன்று, கோணல் சுவர்கள் உள்ள ஒரு நடை. அந்தக் காலத்துப் பத்திரிகைகள் லிங்கனைக் குரங்கு என்றும் கோமாளி என்றும் வரைந்த கேலிப்படங்களை மாட்டி, காதோரம் கிசுகிசுப்பாக வசவுகளை ஓடவிடுகிறார்கள். இன்றைக்கு எல்லோரும் தலைமேல் தூக்கி வைத்திருக்கிற ஆளை உயிரோடு இருந்தபோது என்னென்ன சொன்னார்கள் என்பதைப் பாடப்புத்தகம் இவ்வளவு நன்றாகச் சொல்லாது. 1860 தேர்தலை, நாலு வேட்பாளர்களும் டிவி விளம்பரம் கொடுத்திருந்தால் எப்படியிருக்கும் என்று செய்திச் சேனல் பாணியில் காட்டுகிற அறையும் உண்டு. கெட்டிக்காரத்தனம்தான். ஆனால் மாமாவுக்கு அது அடியோடு பிடிக்கவில்லை.

வக்கீல் வாழ்க்கைக்கு என்று அங்கே இருப்பது முக்கியமாக ஒரே ஒரு காட்சி. லிங்கன் சோபாவில் நீட்டிப் படுத்துப் படித்துக்கொண்டிருக்கிறார், இரண்டு பையன்களும் மேஜை மேல் ஏறி அறையை நாசம் பண்ணிக்கொண்டிருக்கிறார்கள். நாலு வருஷ ஜனாதிபதிப் பதவிக்குப் பாதி மியூசியம், இருபத்திநாலு வருஷத் தொழிலுக்கு ஒரு அறை. ஜனங்கள் எதைப் பார்க்க வருகிறார்கள் என்று அவர்களுக்குத் தெரியும், தப்புச் சொல்ல முடியாது. ஆனால் அந்தத் தொழில் இல்லாமல் அந்தப் பதவி வந்திருக்காது என்பது என் கட்சி. மாமா அந்த அறையில் பத்து நிமிஷம் நின்று, கீழே சிதறிக் கிடக்கிற காகிதங்களையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "ஒரு கட்டுகூடக் கட்டி வெக்கலையே" என்றார். சொன்ன குரலில் நிஜமான வருத்தம்.

அவர் வருத்தத்தில் நியாயம் உண்டு என்று ஆறாவது தெருவும் ஆடம்ஸ் தெருவும் சந்திக்கிற முனையில் இருக்கிற ஆபீசுக்குப் போனபோது தெரிந்தது. 1840களின் தொடக்கத்தில் கட்டிய செங்கல் கட்டிடம். கீழே கடை, நடுவில் மத்திய அரசின் நீதிமன்றம், அதற்கு மேல் வாடகைக்கு வக்கீல் அறைகள். லிங்கனும் அவருடைய கூட்டாளி வில்லியம் ஹெர்ண்டனும் அங்கேதான் உட்கார்ந்தார்கள். கட்டணம் கிடையாது, நன்கொடைதான். எல்லா நாளும் திறந்திருக்காது, அதனால் கிளம்புவதற்கு முன் பார்த்துக்கொள்ளுங்கள், என் முதல் தடவைக் கதை உங்களுக்கும் வேண்டாம்.

மியூசியத்திலிருந்து நேரே இங்கே வருகிறவர்களுக்கு முதலில் ஏமாற்றமாகத்தான் இருக்கும். மேஜை, நாற்காலி, அலமாரி, ஒரு ஜன்னல், அவ்வளவுதான். நிறைய சாமான் அந்தக் காலத்து மாதிரிக்கு வைத்தவை. ஆனால் ஜன்னலருகே நின்று எதிரே பாருங்கள். சதுக்கத்தின் நடுவில் பழைய சட்டமன்றம், அதற்குள்ளேதான் மாநில உச்ச நீதிமன்றமும் இருந்தது. மத்திய கோர்ட் காலடியில், மாநில கோர்ட்டும் சட்டமன்றமும் கண்ணெதிரில். இதைவிட நல்ல இடத்தில் ஒரு வக்கீல் ஆபீஸ் போட முடியாது. மாமா படியேறி மூச்சு வாங்க நின்றவர், ஜன்னலைப் பார்த்ததும் "கெட்டிக்காரன்" என்று ஒரே வார்த்தை சொன்னார்.

அந்த ஆபீசின் லட்சணம் பற்றி வழிகாட்டி சொன்ன கதைகள் ஏற்கெனவே பிரபலமானவைதான், ஆனாலும் அந்த அறையில் நின்று கேட்கும்போது வேறு சுவை. ஒரு காகிதக் கட்டின் மேல் லிங்கன் எழுதி வைத்திருந்தாராம், வேறெங்கேயும் கிடைக்காவிட்டால் இதில் தேடு என்று. காலையில் வந்து சோபாவில் சாய்ந்து செய்தித்தாளை உரக்கப் படிப்பாராம், ஹெர்ண்டனுக்குத் தலைவலி வருமாம். முக்கியமான காகிதங்களைத் தன் நெட்டைத் தொப்பிக்குள் வைத்துக்கொள்வார். 1850ல் ஒருவருக்கு எழுதிய கடிதத்தில் அவரே மன்னிப்புக் கேட்கிறார். உங்கள் கடிதம் வந்ததும் பழைய தொப்பிக்குள் போட்டேன், மறுநாள் புதுத் தொப்பி வாங்கினேன், பழையது ஓரமாகப் போனது, அதோடு கடிதமும் கண்ணில் படாமல் போய்விட்டது என்று. இதை மாமாவுக்குத் தமிழில் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. "ஒரு குமாஸ்தா வெச்சிருந்தா இந்தக் கதியா" என்றார்.

சரி, ஆள் எப்படி வக்கீலானார்? எந்தச் சட்டக் கல்லூரிக்கும் போகவில்லை. பள்ளிக்கூடம் போனதே மொத்தம் சேர்த்து ஒரு வருஷம் தேறாது. 1858ல் நாடாளுமன்ற உறுப்பினர்கள் பற்றிய ஒரு தொகுப்புக்காகக் குறிப்பு கேட்டபோது, கல்வி என்ற இடத்தில் குறைபாடுள்ளது என்று ஒரே வார்த்தையில் எழுதிக் கொடுத்தார். 1832ல் சட்டமன்றத்துக்கு நின்று தோற்றார், 1834ல் ஜெயித்தார், ஜான் ஸ்டூவர்ட் என்கிற வக்கீலிடம் புத்தகம் இரவல் வாங்கிப் படித்தார், 1836ல் உரிமம் வாங்கினார், 1837 ஏப்ரலில் ஸ்ப்ரிங்ஃபீல்டுக்கு வந்தார். ஆக இவர் வக்கீலாக இருந்து பிறகு அரசியல்வாதியானவர் என்று சொல்வதே அவ்வளவு சரியில்லை, எம்எல்ஏவாகி அதன்பின் சட்டம் படித்தவர். தலைநகரை வண்டாலியாவிலிருந்து ஸ்ப்ரிங்ஃபீல்டுக்கு மாற்றிய கூட்டத்தில் இவரும் ஒருவர். தான் வாக்களித்துக் கொண்டுவந்த தலைநகரிலேயே போய் வக்கீல் போர்டு மாட்டினார். மாமா இதற்கும் "கெட்டிக்காரன்" என்றார், இந்தத் தடவை தொனி கொஞ்சம் வேறு.

வருஷத்துக்கு இரண்டு தடவை, ஒவ்வொரு தடவையும் பல வாரம், ஜட்ஜும் வக்கீல்களும் கூட்டமாக ஊர் ஊராகப் போவார்கள், எட்டாவது சர்க்யூட் என்று பெயர். குதிரையிலும் வண்டியிலும் பயணம், விடுதியில் ஒரே கட்டிலில் இரண்டு வக்கீல், காலையில் கோர்ட்டில் எதிரெதிர், ராத்திரி ஒன்றாகச் சாப்பாடு. ஜட்ஜ் டேவிட் டேவிஸ் கூடவே வருவார். அந்த டேவிஸ்தான் 1860ல், கட்சி தன் ஜனாதிபதி வேட்பாளரைத் தேர்ந்தெடுத்த சிகாகோ மாநாட்டில் லிங்கனுக்காக ஆள் சேர்த்தவர். பிறகு லிங்கன் அவரை அமெரிக்க உச்ச நீதிமன்றத்துக்கு நீதிபதியாக்கினார். ஊர் ஊராகப் போய்க் கடன் வழக்கும் வேலித் தகராறும் நடத்தியதில் ஒவ்வொரு ஊரிலும் நாலு பேருக்கு இவரைத் தெரிந்திருந்தது. தேர்தலுக்கு அதைவிடப் பெரிய முதலீடு ஏது?

ஃபீஸ் விஷயத்தில் மாமாவுக்குப் பெரிய ஆர்வம், வழிகாட்டியைத் துளைத்துவிட்டார், நான் மொழிபெயர்த்தே களைத்தேன். 1856ல் ஒரு கட்சிக்காரர் 25 டாலர் அனுப்ப, இந்த வேலைக்கு 15 போதும், நான் அவ்வளவு விலை உயர்ந்த ஆள் இல்லை என்று எழுதி 10 டாலரைத் திருப்பி அனுப்பியிருக்கிறார். அதே மனிதர்தான் இல்லினாய் சென்ட்ரல் ரயில்வேக்கு ஒரு பெரிய வரி வழக்கை ஜெயித்துக் கொடுத்துவிட்டு, கம்பெனி ஃபீஸ் தர இழுத்தடித்ததும், தன் கட்சிக்காரர் மேலேயே 5,000 டாலர் கேட்டு வழக்குப் போட்டார். முதல் தடவை கம்பெனி வக்கீல் வரவில்லை, எக்ஸ்பார்ட்டி தீர்ப்பு, அதாவது எதிர்த்தரப்பு இல்லாமலே லிங்கன் பக்கம் தீர்ப்பு. பிறகு அவர் வந்து கேட்டுக்கொண்டதும் லிங்கனே ஒப்புக்கொண்டு தீர்ப்பை ரத்து செய்யவிட்டார், மறுபடி நடத்தி மறுபடி ஜெயித்தார். முன்பே வாங்கிய 200 போக 4,800. பாதி ஹெர்ண்டனுக்கு. எக்ஸ்பார்ட்டியை எதிர்ப்பின்றித் திறக்கவிட்டார் என்ற இடத்தில் மாமா வழிகாட்டியைப் பார்த்துக் கைகூப்பினார். அந்தப் பையனுக்கு எதற்கு என்று புரியவில்லை, அவனும் கும்பிட்டான்.

இங்கே இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும், இல்லாவிட்டால் விமர்சனம் துதிபாடல் ஆகிவிடும். 1841ல் நான்ஸ் என்ற கறுப்பினப் பெண்ணை விற்றது செல்லாது, இல்லினாயில் எவரும் சுதந்திரமானவர் என்றே சட்டம் கொள்ளும் என்ற தீர்ப்பு வந்த வழக்கில் வாதாடியவர் லிங்கன். 1847ல் கோல்ஸ் கவுண்டியில், ஜேன் பிரயண்ட் என்ற பெண்ணையும் அவள் குழந்தைகளையும் திருப்பிக் கேட்ட மேட்சன் என்ற அடிமை முதலாளிக்காக வாதாடியவரும் இதே லிங்கன்தான். தோற்றார், அந்தக் குடும்பம் விடுதலையானது. தேடி வந்த கட்சிக்காரருக்கு வக்காலத்துப் போடுவது தொழில் தர்மம் என்று மாமா சொன்னார். எனக்கு அந்தச் சமாதானம் போதவில்லை. காரில் திரும்பும்போது முக்கால் மணி நேரம் இதைப் பேசிக்கொண்டே வந்தோம், முடிவுக்கு வரவில்லை.

அங்கிருந்து வீட்டுக்கு நடந்தே போகலாம். எட்டாவது தெருவும் ஜாக்சன் தெருவும் சந்திக்கிற இடம். தேசியப் பூங்காத் துறை நடத்துகிறது, பார்வையாளர் மையத்தில் நேரம் போட்ட இலவசச் சீட்டு வாங்கிக்கொள்ள வேண்டும், காரை நிறுத்தத்தான் காசு. மகன் ராபர்ட் 1887ல் வீட்டை மாநிலத்துக்குக் கொடுத்தபோது, நன்றாகப் பராமரிக்க வேண்டும், பார்க்க வருகிறவர்களிடம் காசு வாங்கக் கூடாது என்று நிபந்தனை போட்டார், இன்று வரை வாங்குவதில்லை. சுற்றிலும் நாலு தெருச் சதுரத்தை அந்தக் காலம் மாதிரியே மரப்பலகை நடைபாதையோடு வைத்திருக்கிறார்கள். கார் கிடையாது. காலையில் போனால் உங்கள் செருப்புச் சத்தம் உங்களுக்கே கேட்கும்.

1844ல் வாங்கியபோது ஒன்றரை மாடி, 1856ல்தான் முழு மாடியானது. லிங்கன் தம்பதி சொந்தமாக வைத்திருந்த ஒரே வீடு இது. பூங்காத் துறை ஊழியரான ரேஞ்சர் ஒருவர் சிறு சிறு குழுவாக அழைத்துப் போகிறார், அரை மணிக்குள் முடிந்துவிடும். 1860 மே மாதம் அவருடைய அரசியல் கட்சியினர் வந்து நீங்கள்தான் ஜனாதிபதி வேட்பாளர் என்று முறைப்படி சொன்ன முன்னறை, அவர் எழுதிய குட்டி மேஜை. அந்த மேஜையைப் பார்த்தால் ஆறடி நாலங்குல ஆள் முழங்காலை எங்கே வைத்தார் என்று ஆச்சரியமாக இருக்கும். படுக்கையறைச் சுவர்க்காகிதம் கண்ணைப் பறிக்கிற பூவேலை, நான் அங்கே ஒரு ராத்திரிகூடத் தூங்கமாட்டேன். கொல்லைப்புறத்தில் மூன்று ஓட்டைக் கழிப்பறை. எதையும் தொடக்கூடாது, ஒன்றைத் தவிர. மாடிப்படியின் கைப்பிடி அந்தக் காலத்து அசல், லிங்கன் பிடித்து ஏறியது, அதை நீங்களும் பிடித்துக்கொள்ளலாம் என்கிறார் ரேஞ்சர். முன்னால் போனவர்கள் எல்லோரும் இரண்டு விரலால் தொட்டுவிட்டுப் போனார்கள். மாமாவுக்கு முழங்கால் வலி, முழுக் கையாலும் பிடித்து, ஒவ்வொரு படியாக, நிஜமாகவே அதன் உதவியோடு இறங்கினார். பின்னால் வரிசை நின்றது, யாரும் முணுமுணுக்கவில்லை.

வெளியே வந்ததும் உடனே காருக்குப் போய்விடாதீர்கள். அதே தெருவில் தெற்கே கொஞ்சம் நடந்தால் வீடே இல்லாத ஒரு காலி மனை, ஒரு பலகை. ஜேம்சன் ஜென்கின்ஸ் என்ற கறுப்பினத்தவர் இருந்த இடம். வண்டி ஓட்டிப் பிழைத்தவர், தப்பி வந்த அடிமைகளை வடக்கே கடத்திவிட உதவியவர், லிங்கனின் பக்கத்துத் தெருக்காரர் கூட இல்லை, அதே தெருக்காரர். 1861 பிப்ரவரியில் வாஷிங்டன் கிளம்பிய லிங்கனை ரயில் நிலையத்துக்கு வண்டியில் கொண்டுபோய் விட்டவர் இவர்தான். சுற்றுலா வந்த கூட்டத்தில் இந்த மனைக்கு எங்களோடு வந்தவர்கள் யாருமில்லை.

கல்லறை ஓக் ரிட்ஜில், ஊருக்கு வடக்கே. வாசலில் வெண்கலத் தலை, மூக்கைத் தடவினால் அதிர்ஷ்டம் என்று எல்லோரும் தடவித் தடவி மூக்கு மட்டும் பளபளக்கிறது. பத்து நிமிஷம் போதும்.

சாப்பாடு பற்றி ஒரு எச்சரிக்கை. இந்த ஊரின் அடையாளம் ஹார்ஸ்ஷூ சாண்ட்விச், ரொட்டி மேல் இறைச்சி, அதன்மேல் ஒரு மலை உருளைக்கிழங்கு வறுவல், அதன்மேல் பாலாடைக் குழம்பு. மாமா சைவம். நாங்கள் போன ஹோட்டலில் இறைச்சி வேண்டாம் என்று மூன்று தடவை சொல்லியும் முதலில் இறைச்சியோடு வந்தது, திருப்பி அனுப்பினால் அதையே எடுத்துப் பிய்த்துவிட்டுக் கொண்டுவந்தார்கள். மாமா தொடவில்லை. பில்லில் ஒரு சென்ட் குறைக்கவில்லை. சைவக்காரர்கள் கையில் ஏதாவது கட்டிக்கொண்டு போவது நல்லது.

மொத்தத்தில் என் மதிப்பெண்: மியூசியம் ஐந்துக்கு மூன்றரை, வீடு ஐந்துக்கு ஐந்து, வக்கீல் ஆபீஸ் நாலரை. அரை மதிப்பெண் குறைத்தது திறக்கிற நாட்கள் குறைவு என்பதற்காக. மாமாவிடம் கேட்டால் ஆபீசுக்குத்தான் ஐந்து என்பார். வாஷிங்டன் கிளம்பும்போது ஹெர்ண்டனிடம் லிங்கன் சொன்னதாக வழிகாட்டி சொன்னதை மாமா இன்னும் விடவில்லை. போர்டைக் கழற்றாதே, உயிரோடு இருந்தால் திரும்பி வந்து ஒன்றுமே நடக்காத மாதிரி ப்ராக்டிஸைத் தொடருவோம் என்றாராம். "அப்ப நடந்துக்கிட்டிருந்த கேஸ் எல்லாம் என்னாச்சு, யார் வாய்தா வாங்கினது?" என்று இரண்டு நாளாகக் கேட்கிறார்.

சர்க்யூட் காலத்துக் கோர்ட் கட்டிடங்கள் இரண்டு இன்னும் நிற்கின்றன, ஒன்று மவுண்ட் புலாஸ்கியில், இன்னொன்று மெட்டமோராவில். இதை வாய் தவறி அவரிடம் சொல்லிவிட்டேன். வரும் சனிக்கிழமைக்கு ஷூவைத் துடைத்து வைத்திருக்கிறார்.